தொண்டைக்குழியில் பச்சை

“பச்சையா?”

“பச்சைதான் டாக்டரம்மா. விளக்கும் எரியுது, வாயும் எரியுது.”

செலஸ்டினா நாற்காலியில் சாய்ந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைக் கப்பலிலிருந்து இறக்கும் பளுதூக்கியை இயக்குபவள் அவள். முப்பத்து நான்கு வயது. அவளுடைய சட்டைக் கழுத்தில், அக்காலத்துத் தையற்காரர் அனைவரும் வைத்துத் தைக்கும் சிறு துளை இருந்தது. துளைக்குள், தொண்டைக்குழியின் தோலுக்கு அடியில், அரிசியளவு விளக்கொன்று பச்சையாக ஒளிர்ந்தது. பல் மருத்துவர் சண்முகவடிவின் தொண்டையிலும், சுவரோரம் அட்டைப்பெட்டியுடன் நின்ற செலஸ்டினாவின் அண்ணன் ரெஜினால்டின் தொண்டையிலும் அதே பச்சை ஒளிர்ந்தது.

மார்பெலும்புக்குள் பொருத்தப்பட்ட மச்சைக்காவலியின் வெளிமுகம் அவ்விளக்கு. எலும்புக்குள் இருந்து குருதியைப் பிறப்பிக்கும் மச்சையில் நெறிகெட்ட உயிரணு ஒன்று தோன்றினால் காவலி அதனை அறியும், விளக்கைச் சிவப்பாக்கும், தன் வேட்டைநுண்ணிகளை ஏவி அவ்வுயிரணுவைக் கொல்லும், கொன்றதும் விளக்கை மீண்டும் பச்சையாக்கும். குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே காவலி வைக்கப்பட்டது. குருதிப்புற்று ஒழிந்துவிட்டதென மச்சைக் காவல் வாரியம் அறிவித்து ஒரு தலைமுறை கடந்திருந்தது. மனிதர் ஒருவரையொருவர் நலம் கேட்பதை விட்டு, ‘பச்சையா?’ எனக் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அக்கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது. ஒரே விடையுள்ள கேள்வியைக் கேட்பவர் விடையைக் காதில் வாங்குவதில்லை.

“அண்ணன் மக்ரூன் கொண்டாந்திருக்கான்,” என்றாள் செலஸ்டினா. “கடிக்க வேண்டாம், நாக்குல வச்சாக் கரைஞ்சிரும். கொஞ்ச நாளா எனக்குச் சாப்பாடே அதுதான். முந்திரியும் சீனியும் தின்னே சாகப்போறேன்.”

“வாய மூடுட்டி,” என்றான் அடுமனைக்காரனான ரெஜினால்டு.

“மூடுனா டாக்டரம்மா எப்படிப் பாப்பாங்க?”

வடிவு பார்த்தார். ஈறுகள் பற்களின்மேல் ஏறியிருந்தன. மாவில் பதித்த முந்திரிப் பருப்பைப் போல முன்பற்களின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. தொட்ட இடமெல்லாம் குருதி கசிந்தது. இடக்கண் சற்றே முன்தள்ளி நின்றது. அதற்குக் கண் மருத்துவர் ஒவ்வாமை எனக் கூறிச் சொட்டுமருந்து கொடுத்திருந்தார். முதுகில் எழுந்த ஊதாத் தடிப்புகளுக்குத் தோல் மருத்துவர் உப்புக்காற்று எனக் கூறிக் களிம்பு கொடுத்திருந்தார். ஈற்றுக்கு வடிவே கிருமி எனக் கூறி மாத்திரை கொடுத்திருந்தார். மூவரும் முதலில் பார்த்தது நோயாளியின் தொண்டையைத்தான்.

மாத்திரை பயன்படவில்லை. ஆகவே அன்று ஈற்றை மரத்துப்போகச் செய்து, மறுபடியும் ஒரு துண்டை வெட்டியெடுத்தார். வெட்டிய தசை பச்சையாக இருந்தது. பழுக்காத மாங்காய்த் தோலின் பச்சை.

வடிவுக்கு நிம்மதி பிறந்தது.

வேறொரு நூற்றாண்டின் மருத்துவர் அந்நிறத்தைக் கண்டு கத்தியைக் கீழே வைத்திருப்பார். ஆனால் விளக்கின் ஒளிச்சாயம் சிலருக்குத் தசைக்குள் கசிவதுண்டு என்பதை மருத்துவ மாணவர் அனைவரும் முதலாண்டிலேயே படித்தனர். சாயக்கசிவு தீங்கற்றது. முன்பு ஒரு முறை இதே ஈற்றின் துண்டைத் திசு ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, அங்கிருந்தும் ‘சாயக்கசிவு’ என்றே விடை வந்திருந்தது. ஆய்வகத்தின் பொறி முதலில் கேட்பது விளக்கின் நிறத்தை. பச்சை எனில், குருதியணுக்களைக் காட்டும் சோதனைகளை அது செய்வதேயில்லை. இல்லாத நோயைத் தேடுவது வீண்செலவு என்பது விதி.

குருதி நிற்க நேரமாயிற்று. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே வடிவு திரும்பிப் பார்த்தார். கிண்ணத்தில் இருந்த துண்டு சாம்பல் நிறமாகியிருந்தது.

அவர் தம் வெள்ளை மேலங்கியின் கையைப் பார்த்தார். எப்போதோ ஒரு நோயாளியின் கழுத்திலிருந்து ஒழுகிய ஒளிச்சாயம் அங்கே பட்டிருந்தது. எத்தனையோ முறை வெளுத்தும் அந்தக் கறை போகவில்லை. சாயம் காற்றுப் பட்டு மறையாது.

கல்லூரிக் காட்சிக்கூடத்தில் இருந்த ஒரு கண்ணாடிக் குப்பி அவருடைய நினைவுக்கு வந்தது. அதில் மிதந்தது, காவலிக்கு முந்தைய காலத்தில் யாரோ ஒரு சிறுவனுடைய கண்ணின் பின்புறத்திலிருந்து எடுத்த கழலை. அதன் ஓரத்தை நறுக்கி, அதன்மேல் நீர்மம் ஒன்றைச் சொட்டி, மங்கிய நிறம் உயிர்த்தெழுவதைப் பேராசிரியர் வேடிக்கை போலக் காட்டுவார். நோய் ஒழிந்ததாக அறிவித்த ஆண்டில் அக்குப்பியையும் அகற்றிவிட்டனர்.

வாய் கழுவ வைத்திருந்த பெராக்சைடைக் கிண்ணத்தில் சில சொட்டு விட்டார். நுரை பொங்கியது. நுரைக்கு அடியில் பச்சை மெல்லத் திரும்பி வந்தது.

“என்ன டாக்டரம்மா, முகம் வெளிறிப் போச்சு?” என்றாள் செலஸ்டினா.

வடிவு கையுறையைக் கழற்றினார். “இது சாயம் இல்லம்மா. இது ரத்தப் புத்து.”

ரெஜினால்டு சிரித்தே விட்டான். “பச்சையால்லா எரியுது?”

“எரியும். அது எலும்புக்குள்ள மட்டுந்தான் பாக்கும். இது எலும்ப விட்டு வெளிய வந்து உக்காந்திருக்கு. ஈறுல, கண்ணுக்குப் பின்னால, முதுகுத் தோல்ல. வேற எங்கெல்லாம்னு எனக்குத் தெரியாது.”

செலஸ்டினா மேற்கூரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “துறைமுகத்துல வாசல்ல மட்டும் சோதனை போடுவாங்க. கடத்துறவன் சுவரேறிக் குதிச்சிருவான். அந்த மாதிரியா?”

“அந்த மாதிரிதான்.”

“பொழைப்பேனா?”

“மருந்து இருக்கு,” என்றார் வடிவு. அது உண்மை. அவர் அப்போது அறிந்திருந்த அளவுக்கு உண்மை.

*

வாரியத்தின் மண்டலத் தலைவர் மருத்துவர் இளம்பரிதி, வடிவுடன் ஒரே வளாகத்தில் படித்தவர். இளமையில் குழந்தைகளின் குருதிப்புற்றுக் கூடத்தில் பணிபுரிந்தவர். காலையில் பெயர் சொல்லி அழைத்த குழந்தை மாலையில் படுக்கையில் இல்லாததைக் கண்டு கண்டு, அந்நோயை ஒழிப்பதற்கென்றே வாரியத்தில் சேர்ந்தவர். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் செலஸ்டினாவுக்குச் சினம்கொள்ளவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

அண்ணனையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு வடிவு அவரிடம் போனார். ஈற்றுத் துண்டைப் பதித்துக் கொண்டுவந்த கண்ணாடித் தகட்டை இளம்பரிதி உருப்பெருக்கியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“இத நான் கடைசியாப் பாத்து முப்பது வருஷத்துக்கு மேல இருக்கும்,” என்றார், கண்ணை எடுக்காமலே. “மறக்கல.”

“அப்ப மருந்த ஆரம்பிங்க.”

“முடியாது வடிவு.”

அவர் காரணத்தைக் கூறினார். குருதிப்புற்றைக் கொல்லும் மருந்து கொடிய நஞ்சு. முற்காலத்தில் அச்சத்தை விற்ற மருத்துவர் சிலர், நோயில்லாதவருக்கும் அதனைக் கொடுத்துக் கொன்றனர். ஆகவே சட்டம் மருத்துவரின் கையிலிருந்து அம்முடிவைப் பறித்துக் காவலியிடம் கொடுத்தது. மருந்து இப்போது எங்கும் இருப்பில் இல்லை. ஒருவருடைய விளக்கு ஒரு முழுநாள் அணையாது சிவந்திருந்தால், காவலியே அவருடைய நோயணுவின் குறிப்பை மருந்துக்கலப்பி எனும் பொறிக்கு அனுப்பும். கலப்பி அவருக்கென்றே மருந்தைக் கலந்து, பூட்டைத் திறக்கும். சிவப்பு இல்லையேல் கலவை இல்லை. திருடுவதற்குக்கூட மருந்து இல்லை.

“சட்டத்துல வார்த்தை தெளிவா இருக்கு,” என்றார் அவர். “குருதிப்புற்று என்பது மச்சையில் தோன்றி, மச்சையில் காவலியால் அறியப்படும் நோய்.”

“மச்சையில அறியப்படாததுக்கு என்ன பேரு?”

“பேரு இல்ல.”

“பேரு இல்லாததால நோயும் இல்ல.”

‘காணவில்லை’ என்பது தேடியவரின் குறை. ‘இல்லை’ என்பது உலகத்தைப் பற்றிய தீர்ப்பு. முன்னதைச் சொல்ல வேண்டிய இடத்தில் பின்னதைச் சொல்லுமாறு வாரியம் ஒரு நாட்டையே பழக்கியிருந்தது. அப்பழக்கம் இதுவரை யாரையும் கொன்றதாகக் கணக்கில்லை, கணக்கெடுத்தது காவலிதான்.

“நீங்க ஏன் வேட்டைநுண்ணிய வெளிய விடல?” என்று வடிவு கேட்டார்.

“வெளிய வந்தா நல்ல ரத்தத்தையும் தின்னுரும். மச்சைய விட்டு வந்த நொடியே சாகற மாதிரி நாங்கதான் அதக் கட்டுனோம்.”

“அதாவது, எலும்புக்குள்ள தங்குன புத்து செத்துது. ஓடத் தெரிஞ்சது பொழைச்சுது. ஒரு தலைமுறையா நீங்க அத ஓடப் பழக்கியிருக்கீங்க.”

அவர் உருப்பெருக்கியின் விளக்கை அணைத்தார். “கதிர் வைக்கச் சொல்றேன். அதுக்குத் தடை இல்ல. கண்ணுக்குப் பின்னால இருக்கறது சுருங்கும்.”

“அங்க சுருங்கும். வேற எடத்துல மொளைக்கும்.”

“ஆமா.”

நாற்காலியில் இருந்த செலஸ்டினா தொண்டையைச் செருமினாள். “சார், நான் ஒண்ணு சொல்லட்டா? சிவப்பு எரிஞ்சாத்தான் மருந்துன்னா, சிவப்ப எரிய வச்சிருங்க.”

“எப்படிம்மா?”

“என் முதுகுல இருக்கிறத எடுத்து என் எலும்புக்குள்ள போடுங்க.”

ரெஜினால்டு எழுந்தேவிட்டான். “ஏட்டி, உனக்குக் கிறுக்கா? இல்லாத எடத்துல நோய ஏத்தச் சொல்லுதியா?”

“ஏற்கெனவே என்கிட்டதான இருக்கு? இங்கேருந்து எடுத்து அங்க வைக்காங்க. பதினோரு வருஷமா நான் பாக்குற வேலையே அதுதான அண்ணே.”

இளம்பரிதி வடிவைப் பார்த்தார். வடிவு அவரைப் பார்த்தார். வேறு வழி இருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்த வழியை அவர்கள் கேட்டே இருக்கமாட்டார்கள்.

*

முதுகுத் தடிப்பிலிருந்து எடுத்த உயிரணுக்களை வளர்ப்புக் குடுவையில் பெருக்கினர். அவை வளரத் தயங்கவில்லை. காவலியின் கண்ணில் ஒன்றிரண்டு பட்டால் உடனே அழிக்கும். பெருந்திரளாக ஒரே முறையில் செலுத்தினால் அழித்து முடிக்க ஒரு நாளைத் தாண்டும் என்பது இளம்பரிதியின் கணிப்பு.

வடிவின் பல் மருத்துவமனையிலேயே, நாற்காலியை முழுவதும் தாழ்த்தி, செலஸ்டினாவைக் குப்புறப் படுக்கவைத்தனர். இடுப்பெலும்பில் ஊசியை இறக்கியவர் இளம்பரிதி. பல ஆண்டுகளாக நோயாளி ஒருவரையும் தொடாத கைகள் அவருடையவை. எலும்பு தடுத்தபோது அவர் நின்றார். பிறகு மணிக்கட்டைத் திருப்பினார்.

“வலிக்குதாம்மா?”

“பல் டாக்டர்ட்ட வந்து இடுப்புல குத்து வாங்குறேன் சார். இந்தக் கதைய யார்ட்ட சொன்னாலும் நம்பமாட்டான். அதுதான் வலிக்குது.”

அவள் எழுந்து உட்கார்ந்து மக்ரூன் ஒன்றை நாக்கில் வைத்தாள். அது கரைந்து முடிவதற்குள் விளக்கு சிவந்தது.

எவருடைய தொண்டையிலும் ரெஜினால்டு அதுவரை சிவப்பைக் கண்டதில்லை. தன்னையறியாமல் முழந்தாளிட்டான், பிறகு வெட்கப்பட்டு, கீழே எதையோ தேடுபவனைப் போல நடித்தான்.

வீட்டுக்கு நடந்தே போகலாம் என்று செலஸ்டினா பிடிவாதம் பிடித்தாள். கழுத்துத் துளையை மூடவும் மறுத்தாள். எதிரே வந்தவர்கள் ‘பச்…’ என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, வீதியின் மறுபுறம் சென்றனர். தேநீர்க் கடைக்காரர் குவளையைக் கையில் பிடித்தவாறே நின்றுவிட்டார்.

“சிவப்புதான் அண்ணாச்சி,” என்றாள் அவள். “ஒட்டாது. ஒரு டீ போடுங்க. நல்லா ஆத்திக் குடுங்க, வாய் புண்ணாக் கெடக்கு.”

அவர் ஆற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். இறந்தவர் வீட்டில் காசு வாங்காத முறையில் மறுத்தார் என்பதை அவள் கண்டுகொண்டாள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் நண்பகல் கடந்தது. முழுநாள் நிறையச் சிறிது பொழுதே இருந்தது. இளம்பரிதி மருந்துக்கலப்பியின் முன் அமர்ந்திருந்தார். அதன் திரையில் செலஸ்டினாவின் பெயர் தோன்றியிருந்தது. கலவைக் கலன்கள் சூடேறும் ஒலி கேட்பதாக வடிவிடம் தொலைபேசியில் கூறினார். வடிவு செலஸ்டினாவின் எதிரே, அவளுடைய தொண்டையைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தார். ரெஜினால்டு கதவோரம் நின்றான்.

விளக்கு ஒருமுறை மங்கியது. பிறகு பச்சையாயிற்று.

செலஸ்டினாவின் கைக்கருவியிலிருந்து இனிய பெண்குரல் ஒன்று எழுந்தது: “வாழ்த்துகள். உங்கள் மச்சையில் தோன்றிய குருதிப்புற்று முற்றிலும் அழிக்கப்பட்டது. மச்சைக்காவலி உங்கள் உயிரைக் காத்தது.”

“சேசுவே, உமக்குத் தோத்திரம்,” என்றான் ரெஜினால்டு, பிறந்தது முதல் சொல்லிப் பழகிய வேகத்தில். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

அவர்கள் மீண்டும் முயன்றனர். அடுத்த முறை, அவள் ஒரு குவளை கஞ்சி குடித்து முடிக்கும் வரைதான் சிவப்பு நீடித்தது. அதற்கடுத்த முறை விளக்கு சிவக்கவே இல்லை. ஊசியை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

“காவலி கத்துக்கிட்டுது,” என்றார் இளம்பரிதி. “இந்த அணுவோட முகம் அதுக்கு இப்ப மனப்பாடம். இனி ஆயிரம் மடங்கு போட்டாலும் ஒரு நிமிஷம் தாங்காது.”

“அப்ப நாம அதுக்குப் பாடம் எடுத்திருக்கோம்,” என்றார் வடிவு.

இளம்பரிதி வாரியத்தின் தலைமைக்கு நேரில் சென்று, கலப்பியைக் கையால் திறக்க இசைவு கேட்டார். அவர்கள் மரியாதையாகவே விடையளித்தனர். செலஸ்டினா என்பவர் குருதிப்புற்றிலிருந்து காவலியால் மீட்கப்பட்டவர். அவர் பெயர் காக்கப்பட்டோர் வரிசையில் சேர்ந்துவிட்டது. காக்கப்பட்ட ஒருவரை நோயாளி எனக் கொள்ள விதியில்லை. வேறேதும் கழலை இருப்பின், பொது அறுவை மருத்துவரை அணுகலாம்.

*

கதிர்வீச்சில் கண்ணின் பின்புறக் கழலை சுருங்கியது. சில வாரம் அவள் இரு கண்களாலும் கடலைப் பார்த்தாள். பிறகு கால்கள் மரத்தன. தண்டுவடத்தை ஒட்டி ஒன்று வளர்ந்திருந்தது. அங்கே கதிர் வைப்பதற்குள் மார்பில் ஒன்று தோன்றியது. மச்சை மட்டும் கடைசிவரை தூயதாகவே இருந்தது. இத்தனை தூய மச்சையைத் தாம் கண்டதில்லை என்று கதிர் மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் வியந்து கூறினார். செலஸ்டினா அவரைப் பார்த்து, “அதுல பாதி வேணும்னா எடுத்துட்டுப் போங்க தம்பி,” என்றாள்.

வடிவு ஈற்றைத் துடைத்துவிட நாள்தோறும் போனார். பல் மருத்துவர் செய்யக்கூடியது அது ஒன்றே எஞ்சியிருந்தது.

“டாக்டரம்மா.”

“சொல்லும்மா.”

“செத்த பெறவும் இது எரியுமா?”

வடிவு பஞ்சைக் கீழே வைத்தார். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “உடம்புச் சூட்டச் சேத்து வச்சு எரியுது. சூடு ஆறுன பெறவும் ரெண்டு மூணு நாள் எரியும்.”

“அப்ப கழுத்துல ஒரு துணியக் கட்டச் சொல்லுங்க அண்ணன்ட்ட. கும்பிட வாறவன் எல்லாம் பழக்கத்துல பச்சையான்னு கேட்டுருவான். நான் பதில் சொல்லணும்.”

அவள் சிரித்தாள். வாய் நிறையக் குருதியாக இருந்தது. வடிவு மீண்டும் துடைத்தார்.

ரெஜினால்டு பட்டுத் துணியைக் கட்டினான். அது மெல்லிய துணி.

*

ஆண்டுதோறும் நடக்கும் காக்கப்பட்டோர் நாள், செலஸ்டினாவை அடக்கம் செய்த மறுநாள் மாலை, நகர மண்டபத்தில் நடந்தது. அதன் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே. மண்டலத் தலைவர் ஒவ்வொரு பெயராக அழைப்பார். அழைக்கப்பட்டவர் எழுந்து, கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, விளக்கைக் காட்டுவார். ‘பச்சையா?’ என்று மண்டபம் முழுவதும் ஒரே குரலில் கேட்கும். அவர் ‘பச்சைதான்’ என்பார். கைதட்டுவார்கள்.

செலஸ்டினாவின் பெயரை நீக்குமாறு இளம்பரிதி வாரியத்திடம் மன்றாடியிருந்தார். காவலி நோயை அறிந்ததும் உண்மை, அழித்ததும் உண்மை. அவ்வம்மையார் பின்னர் இறந்தது பெயரிடப்படாத வேறு கழலைகளால். ஓர் உண்மையை மற்றோர் உண்மையால் அழிக்கலாகாது என்று அவர்கள் மறுத்துவிட்டனர். அவ்வாண்டு குருதிப்புற்றால் இறந்தவர் ஒருவருமிலர் என்ற அறிவிப்போடு நிகழ்ச்சி தொடங்கியது.

வடிவு நடுவரிசையில் அமர்ந்திருந்தார். ரெஜினால்டு முன்வரிசைக்கு அருகில், அடுமனை மாவின் வெண்மை படிந்த சட்டையுடன் இருந்தான். அவன் வருவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

இளம்பரிதி அப்பெயரை அடைந்தபோது நின்றார். தண்ணீர் குடித்தார். வாசிக்காமல் விட்டுவிடுவார் என்று வடிவு எண்ணினார். அவர் வாசித்தார்.

“செலஸ்டினா மச்சாடோ.”

எவரும் எழவில்லை. ஆனால் மண்டபம் பழகிய மண்டபம். “பச்சையா?” என்று அது கேட்டது.

ரெஜினால்டு எழுந்தான். தன் கழுத்துப்பட்டியை அவன் தொடவில்லை.

“பச்சைதான்,” என்றான். “பெட்டிய மூடுறப்பவும் பச்சைதான் எரிஞ்சுது. துணிக்குள்ள தெரிஞ்சுது.”

முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. அவர்கள் தலை குனிந்தனர். பின்வரிசைக்கு முதற்சொல் மட்டுமே கேட்டிருக்க வேண்டும். அவர்கள் வழக்கப்படி கைதட்டினர். கைதட்டல் வரிசை வரிசையாக முன்னே வந்தது. முன்வரிசை சற்று நேரம் பொறுத்தது; பிறகு, தான் மட்டும் தட்டாமலிருப்பது முறையன்று எனக் கருதியதைப் போல, அதுவும் சேர்ந்துகொண்டது. ரெஜினால்டு நின்றுகொண்டே இருந்தான்.

இளம்பரிதி ஓசை அடங்கும்வரை காத்திருந்தார். வாசிக்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அவர் தாளைப் பார்த்தாரே தவிர மக்களைப் பார்க்கவில்லை.

“இம்மண்டலத்தில் இவ்வாண்டு, காவலி புதியதொரு நோயணுவைக் கண்டறிந்து வெல்லக் கற்றது. அந்நினைவு இப்போது நாட்டிலுள்ள காவலிகள் அனைத்துக்கும் பகிரப்படுகிறது. இனி அவ்வகை உயிரணு, எவருடைய மச்சையிலும் ஒரு நொடியும் தங்காது.”

மண்டபத்தில் இருந்த எல்லாத் தொண்டைகளிலும் விளக்குகள் ஒரே கணத்தில் மங்கி, மீண்டும் எரிந்தன. தம் தொண்டையில் மெல்லிய துடிப்பொன்றை வடிவு உணர்ந்தார். கை தானாக அங்கே சென்றது. மேடையில் இளம்பரிதியின் கையும் தொண்டையில்தான் இருந்தது.

தங்காதது எங்கே போகும் என்று அம்மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. குழந்தையை மடியில் வைத்திருந்த தாய் ஒருத்தி அதன் தொண்டையில் புதிதாக எரிந்த விளக்கை முத்தமிட்டாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த இளம்பெண் வடிவின் பக்கம் திரும்பினாள். துறைமுகத்தில் செலஸ்டினாவுடன் பணிபுரிந்தவளாம், சொல்லிக்கொண்டாள். பிறகு, அடுத்து என்ன பேசுவதென்று தெரியாதவர் அனைவரும் கேட்பதையே அவளும் கேட்டாள்.

“பச்சையா டாக்டரம்மா?”

கேட்டுவிட்டுச் சிரித்தாள். வடிவு அவளுடைய விளக்கைப் பார்க்கவில்லை, ஈறுகளைப் பார்த்தார்.